கொழும்புக்கு இரண்டு பேராகப் போக நினைத்தால்

தீவுப்பகுதியிலிருந்து கொழும்புக்குச் சுற்றிப்பார்க்கவென்றே போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப் போகிறவர்கள் யாராவது இருந்தால். எங்கள் சரவணையில் கொழும்புப் பயணத்துக்கு மூன்றே காரணங்கள்தான்: ஆஸ்பத்திரி, தூதரகம், செத்தவீடு. நானும் என் கணவர் நேசனும் கல்யாணம் கட்டிய இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றாகக் கொழும்புக்குப் போனது இரண்டு தரம். இரண்டும் ஆஸ்பத்திரிக்கு.

இந்த வருடம் மகள் படிக்க மட்டக்களப்புக்குப் போனாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அதற்குப் பிறகுதான் கவனித்தேன், எங்களுக்குள் கதைக்க ஒன்றுமே இல்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டாச்சா, சாப்பாடு போடவா, கேற் பூட்டினதா. இவ்வளவுதான். சண்டை எதுவும் கிடையாது. சண்டை பிடிக்கவும் ஒரு விஷயம் வேண்டுமே. இப்படியே இன்னும் எத்தனை வருடம் என்று நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் நிற்கும்போது அவர் திடீரென்று கேட்டார்.

“இஞ்சாரும், ஒருக்காக் கொழும்புக்குப் போவமோ?”

“ஏன், ஆருக்கு என்ன?” என்றேன்.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. சும்மா. நாங்கள் ரெண்டு பேரும்.”

தண்ணீர் பாத்தியை விட்டு வழிந்து வரம்புக்குமேல் ஓடியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வேலணையில் ஒரு அலுவலகத்தில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. அடுத்த இரண்டு கிழமையும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் கொழும்புதான். எங்கே தங்குவது என்று நிறைய விசாரித்தேன். கோட்டைப் பக்க ஹோட்டல்கள் எங்கள் கைக்கு எட்டாது. புறக்கோட்டையில் மலிவு, ஆனால் விடிய முதலே லொறிச் சத்தம். கடைசியில் வெள்ளவத்தைதான் சரி. தமிழிலேயே காரியம் பார்க்கலாம், தோசைக்கு அலையத் தேவையில்லை, காலி வீதியில் நூறாம் இலக்க பஸ் வந்துகொண்டே இருக்கும். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு லொட்ஜ், குளிரூட்டிய இருவர் அறை, நாளுக்கு ஒன்பதாயிரம் ரூபா. கடல் பக்க அறைக்கு இன்னும் ஆயிரத்தைந்நூறு கூடக் கேட்டார்கள். அதை எடுக்க வேண்டாம் என்பது என் அறிவுரை. உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை இருக்கிறது, நாள் முழுக்க அது ஓடும். நான் எடுத்தேன்.

கடலோரக் காலிமுகத்திடலில் மாலை, நூதனசாலை, தாமரைக் கோபுரம், கடைசி நாள் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. இதுதான் திட்டம். நேசன் கேட்டுவிட்டு, “கடலைப் பாக்கவோ கொழும்புக்குப் போறம்? எங்களைச் சுத்திக் கடல்தானே?” என்றார். அந்தக் கடலில் நாங்கள் இருவரும் எப்போது ஒன்றாகப் போய் நின்றோம் என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ரயிலில் இரண்டு இருக்கை பதிவு செய்தேன். அதோடு திட்டம் முடிந்தது என்று நினைத்தேன். நேசன் அன்றைக்கே தன் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டார்.

அவருடைய அக்கா பவளம், எனக்கு மச்சாள். நெடுந்தீவில் கல்யாணம் கட்டியவ. மாடு வளர்ப்பு, ஒரு நாளும் ஓய்வில்லை. “நானும் கொழும்பைக் காணேல்லை, தம்பி” என்று ஒரு வசனம்தான் சொன்னாவாம். உடனே இவர் “ஓம், வாங்கோ அக்கா” என்றுவிட்டார். என்னிடம் வந்து சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அடுத்த வீட்டுத் தவம் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தார். அவருடைய தண்ணீர் இறைப்பு மெசினுக்குச் சாமான் வேண்டுமாம், கொழும்பில் பஞ்சிகாவத்தையில்தான் எடுக்கலாமாம், தனியப் போக ஏலாதாம். நேசன் அவருக்கும் ஓம் என்றார். அடுத்த நாள் வெள்ளவத்தையிலிருந்து ரஞ்சி அக்காவின் அழைப்பு. நேசனின் சித்தப்பா மகள். “எங்கடை வீடு இருக்க லொட்ஜிலை நிக்கப்போறியளோ? சனம் என்னைப் பற்றி என்ன சொல்லும்?”

“ரஞ்சி அக்கா, காசு கட்டியாச்சு. மாத்த ஏலாது” என்றேன். பொய்தான். முற்பணம் எதுவும் கட்டவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் கட்டிவிடுங்கள்.

நாங்கள் போனது ஆவணியில். லீவு அப்போதுதான் கிடைத்தது. ஆனால் அந்த மாதம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. கடல் கொந்தளித்தால் நெடுந்தீவுப் படகு ஓடாது. வெள்ளிக்கிழமை காலை எங்களுக்கு ரயில். முதல் நாளே மச்சாள் வந்துவிட வேண்டும். வியாழன் பின்னேரம் நேசனும் நானும் மோட்டார் சைக்கிளில் புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை நுரை. படகு இல்லை. அங்கே நின்ற ஒருவரிடம் கேட்டேன்.

“இண்டைக்கு எங்கை, அக்கா? காத்தைப் பாருங்கோ. நாளைக்கு ஓடினாலும் ஓடும், ஓடாமலும் விடும்” என்றார்.

“அப்ப நாங்கள் வெளிக்கிடுவம். மச்சாள் குறை நினைக்க மாட்டா” என்றேன் நேசனிடம்.

“எப்பிடி விட்டிட்டுப் போறது? வெளிக்கிட்டு நிண்டிருப்பா, பாவம்.”

பாவம்தான். நானும் வெளிக்கிட்டுத்தான் நின்றேன். அதை யாரும் பாவம் என்று சொல்லவில்லை. ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனது.

வெள்ளி மத்தியானம் படகு ஓடியது. மச்சாள் முழுக்க நனைந்து, தலையில் ஒரு சாக்கோடு இறங்கினா. சாக்குக்குள் காயவைத்த பனங்கிழங்கு ஒடியல், கருவாடு, ஒரு போத்தல் நெய். “ரஞ்சியிட்டை வெறுங்கையோடை போகேலுமே?” என்றா. அன்று மாலையே யாழ்ப்பாணத்திலிருந்து நாலு பேரும் குளிரூட்டிய பஸ்ஸில் ஏறினோம். ஆளுக்கு மூவாயிரத்துக்குக் கிட்ட, ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம். கருவாட்டுச் சாக்கை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று நம்பினேன். விட்டார்கள். வவுனியா வரும்போது முன்னாலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி என்னைத்தான் பார்த்தார்.

காலையில் லொட்ஜுக்குப் போனால், மேசையில் இருந்த தம்பி பதிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உங்கடை அக்கா வந்து ரூமை வேண்டாமெண்டு சொல்லிட்டுப் போனவ. வீட்டை நிப்பாட்டிறாவாம்.”

ரஞ்சி அக்கா. நேரில் போய்ச் சொல்லியிருக்கிறா. வேறு அறையும் இல்லை. நான் நேசனைப் பார்த்தேன். அவர் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்தார்.

ரஞ்சி அக்கா நல்ல மனுஷி, அதுதான் வில்லங்கம். அவவின் வீடு நாலாம் மாடியில் ஒரு அறையும் ஹோலும். பெண்கள் மூவரும் ஒரு அறையில், நேசனும் தவம் அண்ணையும் ஹோலில் பாய் போட்டு. மூன்று நேரமும் இடியப்பம், புட்டு, மீன் குழம்பு என்று சாப்பாடு. சாப்பிடாமல் வெளியே போனால் கோபம். சாப்பிட்டுவிட்டுப் போனால் வெயில். முதல் நாள் பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போவதாக இருந்தது. நாங்கள் பஞ்சிகாவத்தையில் நின்றோம். தவம் அண்ணை கடை கடையாகப் பழைய சாமானை நீட்டிக் காட்டினார். ஐந்தாவது கடையில், “இது சரிபோலைதான் கிடக்கு, எதுக்கும் இன்னும் ரெண்டு கடை பாப்பம்” என்றார். சூரியன் எங்கே மறைந்தது என்று தெரியாது, எங்களுக்கு முன்னால் ரயர்க் கடைதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரஞ்சி அக்கா, “நாளைக்கு என்ன பிளான்?” என்று கேட்டா. எனக்குப் பொறுமை உடைந்துவிட்டது.

“பிளானோ? ரெண்டு கிழமையா நான் போட்ட பிளான். ஆரும் ஒருக்கா என்னைக் கேட்டனீங்களோ, நான் ஏன் வந்தனான் எண்டு?”

தவம் அண்ணை பையிலிருந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் முகம் கழுவப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தேன். அழுதேன் என்று எழுதத் தேவையில்லை.

மறுநாள் தவம் அண்ணைக்கு இன்னொரு சாமான், மச்சாளுக்குப் புறக்கோட்டையில் சீலை. மறுபடியும் நாலு பேரும் நூறாம் இலக்க பஸ். அவர்கள் இருவருக்கும் முன்னுக்கு இருக்கை கிடைத்தது. நானும் நேசனும் பின் கதவடியில் நின்றோம். கொள்ளுப்பிட்டி கழிந்து காலிமுகத்திடல் தெரிந்தது. பஸ் ஒரு தரிப்பில் நின்றது. நேசன் என் கையைப் பிடித்தார். இருபது வருடமாக றோட்டில் என் கையைப் பிடிக்காத மனுஷன்.

“இறங்கும்” என்றார்.

“என்ன? அவையள்...”

“இறங்குமப்பா!”

இறங்கினோம். பஸ் புறப்பட்டது. மச்சாள் யன்னலுக்கால் தலையை நீட்டி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ கத்தினா. நேசன் போனை நிறுத்திச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “இனி எங்கை?” என்றார். அவருக்குத் திட்டத்தில் ஒரு வரியும் தெரியாது.

காலை ஒன்பதரைக்குக் காலிமுகத்திடலுக்குப் போகாதீர்கள். ஒரு பொட்டு நிழல் இல்லை. நாங்கள் குடைக்குள் ஒதுங்கியிருந்த இரண்டு சோடிகளுக்குப் பக்கத்தில் நின்று வெந்தோம். பிறகு ஓட்டோ பிடித்து நூதனசாலைக்குப் போனோம். மீற்றர் போட்ட ஓட்டோவாகப் பார்த்து ஏறுங்கள். உள்ளே அரசனின் சிம்மாசனத்தைப் பார்த்து நேசன், “இவ்வளவு பெரிய கதிரையிலை தனிய இருந்து என்ன செய்தவர்?” என்று கேட்டார். நான் சிரித்த சத்தத்துக்குக் காவலாளி திரும்பிப் பார்த்தார். மத்தியானம் பூங்காவில் ஒரு மரத்தடியில் இருந்தோம். அப்போதுதான் அவர் சொன்னார்.

“பிள்ளை போனாப் பிறகு வீட்டை வர ஒரு மாதிரி இருக்கு. உம்மோடை என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. அதுதான் கொழும்பெண்டனான்.”

“அதை வீட்டிலையே சொல்லியிருக்கலாம்.”

“வீட்டிலை எப்பிடிச் சொல்றது?”

தாமரைக் கோபுரத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் நேரம் போதவில்லை. மாலையில் திரும்பவும் திடலுக்கு வந்து இறால் வடை வாங்கி, காற்றுக்கு எண்ணெய்த் தாளைப் பறக்கவிடாமல் பிடித்துக்கொண்டு நின்று சாப்பிட்டோம். மகளைப் பற்றி, அவர் அம்மாவைப் பற்றி, நான் ஒருநாளும் சொல்லாத என் அலுவலகச் சண்டை ஒன்றைப் பற்றிக் கதைத்தோம். ரஞ்சி அக்கா வீட்டில் நல்ல பேச்சு விழுந்தது. இருவரும் வரிசையாக நின்று வாங்கிக்கொண்டோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆவணியில் போகவேண்டாம், போனால் நெடுந்தீவு ஆட்களை இரண்டு நாள் முன்பே இக்கரைக்கு வரச் சொல்லுங்கள். ரயிலுக்கு முன்கூட்டியே பதியுங்கள், பகல் பயணம் சுகம். அறைக்கு முற்பணம் கட்டுங்கள், உறவினருக்கு லொட்ஜின் பெயரைச் சொல்லாதீர்கள். திடலுக்கு ஐந்து மணிக்குப் பிறகு போங்கள். உதிரிப்பாகம் வாங்கப்போகும் எவரோடும் வெளிக்கிடாதீர்கள்.

திரும்பி வந்த அன்று மச்சாளைக் குறிகட்டுவானில் ஏற்றப் போனோம். நேசன் சாமான் தூக்கிக்கொண்டு முன்னே போய்விட்டார். “மச்சாள், அண்டைக்கு பஸ்ஸிலை விட்டிட்டு இறங்கினது பிழைதான். கோவிக்காதையுங்கோ” என்றேன்.

“எனக்கென்ன கோவம்? நான் கத்தினது தவத்தாரை. நீங்கள் இறங்கினதைக் கண்டிட்டு அந்தாளும் எழும்பி வரப் பாத்தது. ஒரு கையாலை அதின்ரை சேட்டுக் கொலரை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையாலை உங்களைப் போங்கோ போங்கோ எண்டனான். விளங்கேல்லையோ?”

விளங்கவில்லை என்றேன். படகுக்காரர் கூப்பிட்டார். மச்சாள் சீலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, என் கையைப் பிடிக்காமலே படகுக்குள் தாவினா.