போர்வைக்குள்ளிருந்து வந்த ஜெபம்

சின்னதுரைக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டும் வேலை. குடி இல்லை, சீட்டு இல்லை. அவரைப் பிடித்த ஒரே சனியன், லேப்டாப்பில் செருகும் விரல் நீள ரேடியோக் குச்சி. ஏரியல் பிடித்துத் தருவதையெல்லாம் சாஃப்ட்வேர் கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுக்கும். விமானி பேச்சு, எஃப்எம் பாட்டு, வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் படம் என்று எல்லாவற்றுக்கும் அதே குச்சிதான்.

"குச்சி பத்து வேல செய்யுது. நீ ஞாயித்துக்கெயம ஒரு ஆராதனைக்கு வர மாட்டேன்ற. இன்னொரு வாரம் வரலன்னா, அத்த அடுப்புல போட்டுடுவேன்," என்றாள் அவர் மனைவி சாராள். சொன்னால் செய்வாள்.

பாழாய்ப்போன செயற்கைக்கோள் அடுத்த ஞாயிறு ஆராதனை நேரத்தில்தான் தலைக்கு மேல் வந்தது. சின்னதுரை காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். சாராள் கிளம்பியதும் எழுந்து படம் பிடித்தார். பாதி வங்காள விரிகுடா, பாதி வெறும் புள்ளி. அதற்கே மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்படியே அலைவரிசையைத் தள்ளிப் பார்த்தபோது பின்தெருச் சபையின் வயர்லெஸ் மைக் அகப்பட்டது. ஆராதனை முடிந்திருந்தது. சட்டையில் மாட்டிய மைக்கை அணைக்க மறந்து பாஸ்டர் தானியேல் தன் மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தார். "நம்ம பாட்டுக் குழுவோட ஒரே பேஜாரு. சாராள் சிஸ்டர் கொரல் எடுத்தா, ஊதுபத்தி ஏத்தாமயே கொசு ஓடிடுது."

சின்னதுரை சிரித்து முடிப்பதற்குள் பாஸ்டர் வெளியே வந்து சாராளிடம் பேசுவது லேப்டாப்பில் கேட்டது. "சிஸ்டர், பிரதருக்குக் காய்ச்சல்னீங்களே. வாங்க, ஊட்டாண்ட போயி ஜெபம் பண்ணிடலாம்."

சின்னதுரை கட்டிலுக்குத் தாவினார். லேப்டாப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் அதையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு முனகத் தொடங்கினார்.

பாஸ்டர் கட்டிலருகே நின்று கண்ணை மூடினார். "ஆண்டவரே, உம்முடைய பிள்ளையைத் தொடும்."

சாஃப்ட்வேர் சலித்துக் கொடுக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்குமல்லவா? அது கழிந்ததும் போர்வைக்குள்ளிருந்து பாஸ்டரின் குரல், "உம்முடைய பிள்ளையைத் தொடும்" என்றது. அதைச் சட்டையில் இன்னும் அணையாமலிருந்த மைக் பிடித்தது. போர்வை மறுபடி ஜெபித்தது.

சாராள் போர்வையை உருவினாள். லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தார் சின்னதுரை.

பாஸ்டர் தன் சட்டையைத் தடவி மைக்கை அணைத்தார். "பிரதர், நான் உள்ள பேசிக்கினு இருந்தது... அதுவும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சி பாஸ்டர். பாட்டுக் குழு விசயம்."

"பாட்டுக் குழுவா? இன்னா விசயம்?" என்றாள் சாராள்.

பாஸ்டர் சட்டென்று சின்னதுரையின் நெற்றியில் கை வைத்தார். "ஐயோ, நெருப்பா கொதிக்குதே. சிஸ்டர், பிரதர் ஒரு மாசம் ஊட்லயே ரெஸ்ட் எடுக்கட்டும். அந்தக் குச்சியும் பக்கத்துலயே இருக்கட்டும், பிரசங்கம் கேக்கட்டும்."