அத்தையின் சுறாப்புட்டு

காதலித்தவனைப் பிரிந்த பிறகு, அவன் அம்மாவை இன்று காலைதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

உப்பளத்துச் சாலையில் ஓடி முடித்து, மூச்சு வாங்கப் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மடியில் டிபன் பாக்ஸோடு அத்தை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாம்மா இப்படி எளைச்சிட்ட? அவனை நெனைச்சி சாப்பிடாமலே கெடக்கறியா?”

மாதக்கணக்காக ஓடி, ஜிம்முக்குப் போய், சோற்றைக் குறைத்துச் சேர்த்த பெருமை அந்த ஒரு கேள்வியில் போயே போய்விட்டது.

“இல்லத்த, உடம்பைக் குறைக்கத்தான் ஓடறேன்.”

அவர் நம்பவில்லை. தன் தங்கச்சி வீட்டுக்கு எடுத்துப்போகும் டப்பாவைத் திறந்தார்.

சுறாப்புட்டு. அதே பூண்டு வாசனை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனால், அவனுக்கு முன்னால் என் தட்டில்தான் விழும்.

மூடியில் வைத்துக் கொடுத்தார். மிச்சம் வைக்காமல் தின்றேன்.

“அங்க அவன் ஊதிப்போய் கெடக்கறான், நீ குச்சியா ஆயிட்ட. ரெண்டு பேருக்கும் ஒழுங்கா சாப்பிடத் தெரியல” என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

அவன் நம்பரை அழித்தாயிற்று. போட்டோக்களையும் அழித்தாயிற்று. அத்தையிடமிருந்து எப்படிப் பிரிவது என்று தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள்.

அவசரமில்லை.