டேங்க் மூடியில் கேட்ட சத்தம்

மாரண்டஹள்ளியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. காலை ஏழு மணிக்கே சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கும் அதே ஊரில் காய்கறி மண்டியில் வேலை. காரிமங்கலத்திலிருந்து தினமும் அவருடைய பழைய பைக்கில்தான் போவோம்.

போன ஐப்பசியில் மழை பிடித்ததும் பைக் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பாலக்கோடு தாண்டியதும் திணறித் திணறி நின்றுவிடும். அவர் இறங்கி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துடைத்து, ஊதி மாட்டுவார். பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகிவிடும்.

"பிளக்குல தண்ணி எறங்குது" என்பார். புது பிளக் போட்டும் நின்றது. ஒருநாள் அவர் கழற்றிய பிளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உலர்ந்துதான் இருந்தது.

"ஏங்க, இன்னைக்குத் தொடைக்காம சும்மா நிக்கலாமா? என்ன ஆவுதுன்னு பாக்கலாம்."

"அங்க ஆளுங்க பசியோட காத்துக்கிட்டிருப்பாங்க, உனக்கு வெளையாட்டா?" என்றார். ஆனாலும் நின்றார். பத்து நிமிடம் கழித்து உதைத்தார். ஓடியது!

அப்படியென்றால் துடைத்ததால் ஓடவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் வேறு ஏதோ சரியாகிறது. அன்று யாருக்கு ஊசி குத்தினாலும் எனக்கு இதே யோசனைதான்.

மறுநாள் பைக் நின்றபோது மழை தூறலாகியிருந்தது. பெட்ரோல் இருக்கிறதா பார்க்கலாமென்று, மழைக்காக டேங்க்மேல் இறுக்கிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது.

மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு இழுத்தால் தண்டு வர மறுக்கும். அதேபோலத்தான் இதுவும். பெட்ரோல் கீழே இறங்க, மேலே காற்று நுழைய வேண்டும். நனைந்த உறை மூடியோடு ஒட்டி அந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. நின்ற நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போயிருக்கும்.

உறையில்லாமல் மாரண்டஹள்ளி வரை நிற்காமல் போனோம். அவருக்கு அப்போதும் நம்பிக்கையில்லை. "ஒருநாள் ஓடிட்டா ஆச்சா?"

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. எங்கும் போகிற வேலையில்லை. அவரே உறையை இறுக்கிக் கட்டி, "ஏறு" என்றார். பாலக்கோடு தாண்டியதும் பைக் திணறியது, நின்றது.

"நின்னுடுச்சு பாரு!" என்று பரிசு விழுந்தவர் மாதிரி கத்தினார். பிளக் பக்கம் போகவேயில்லை. நேராக உறையை அவிழ்த்து, காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தார். உஸ்ஸென்றது.