தீவில் குடித்த ஐந்து கோப்பைத் தேநீர்

மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, வடகடல் தீவொன்றுக்கு ஒரு நாள் போனோம். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் வுப்பர்டாலிலிருந்து வந்து கரையில் அறை எடுத்திருந்தோம். அவளுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான். மருந்து அறையின் குளிர்பெட்டியில் இருந்தது. ஆறு மணிக்குக் கொடுக்க வேண்டும். திரும்பும் கப்பல், நீர் இறங்கிக் கடல் வற்றுமுன், நாலு மணிக்குப் புறப்படும். அதை விட்டால் மறுநாள்தான். இதைக் காலையிலிருந்து நாலைந்து தடவை கணவருக்குச் சொல்லிவிட்டேன்.

மூன்று மணியளவில் மழை தூறியது. பிள்ளை நனையக்கூடாதென்று துறைமுகத்துக்குப் பக்கத்துத் தேநீர்க்கடைக்குள் நுழைந்தோம். ஓவியக்கூடமும் அதுதான். சுவரெங்கும் கடல் வற்றிய சேற்றுவெளிப் படங்கள். சாம்பல் நிறத்தில் இத்தனை வகை உண்டென்று அன்றுதான் கண்டேன்.

கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதிருக்கும். சின்னக் கோப்பையில் கற்கண்டுத் துண்டைப் போட்டுத் தேநீரை ஊற்றினாள். கற்கண்டு மெல்ல வெடித்துச் சத்தமிட்டது. மேலே ஒரு துளி கிரீம். கலக்காமல் குடிக்க வேண்டும் என்றாள். நான் கரண்டியை ஒழுங்காகத் தட்டிலேயே வைத்தேன்.

முடிந்ததும் கேத்தலிலிருந்து மறுபடி ஊற்றினாள். நம் வீடுகளில் என்றால் கோப்பையைக் கையால் மூடலாம். இங்கே அது மரியாதைக் குறைவோ? மிச்சம் விட்டால் பிடிக்கவில்லை என்று நினைப்பாளோ? அதையும் குடித்தேன். அவளும் ஊற்றிக்கொண்டேயிருந்தாள். கணவர் தேநீர் வேண்டாமென்று கோப்பி கேட்டுத் தப்பிவிட்டார்.

"இஞ்சேரும், இது அஞ்சாவது. கடல் வத்த முதல் நீர் கேத்தலை வத்தப் பண்ணிப்போடுவீர் போல" என்றார் அவர்.

"குடிக்காமல் எழும்பினால் அவ என்ன நினைப்பா?"

"கப்பல்காரன் என்ன நினைப்பான் எண்டு யோசியும்."

மணி மூன்றே முக்கால். கடைசி மிடறை விழுங்கிக் கோப்பையை வைத்தேன். மடியிலிருந்த மகள் கரண்டியை எடுத்து அதற்குள் போட்டாள். கேத்தலோடு வந்துகொண்டிருந்த பெண் சட்டென்று திரும்பிப் போய்விட்டாள். எனக்கு முகம் சூடாகியது. பின்னாலேயே போய், "மன்னிக்க வேண்டும், பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள்" என்று ஜெர்மனில் சொன்னேன்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு சிரித்தாள்.

"கோப்பைக்குள் கரண்டியைப் போட்டால், 'போதும்' என்று அர்த்தம். போடாவிட்டால் நாங்கள் ஊற்றிக்கொண்டே இருப்போம். இங்கே எல்லோரும் மூன்று கோப்பைதான் குடிப்பார்கள். உங்களுக்கு எங்கள் தேநீர் அவ்வளவு பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்."

"பிடித்ததுதான்" என்றேன். எத்தனையாவது கோப்பை வரை என்று சொல்லவில்லை.

கணவர் பிள்ளையைத் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ள, மழையில் ஓடினோம். ஏறுபலகையை எடுக்கும் நேரத்தில் ஏறினோம். அதன் பிறகு கரை வரும்வரை நான் அதிகம் அசையவில்லை. ஐந்து கோப்பைத் தேநீர். வெளியே சேற்றுத்திட்டுகள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன, சுவரில் பார்த்த அதே சாம்பலில்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க மருந்தை ஊற்றினேன். இரண்டு கரண்டி கொடுக்க வேண்டும். மகள் ஒன்றை விழுங்கினாள். பிறகு கரண்டியைப் பறித்து, பக்கத்திலிருந்த தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டாள்.

"இன்னும் ஒண்டு இருக்கு, குஞ்சு."

"அவ போதும் எண்டு சொல்லிப்போட்டா" என்றார் கணவர்.