ஓடிபி அக்கா

என் அக்காவை எனக்கு மட்டும் அக்கா என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எப்போதோ பறிபோய்விட்டது. அவள் கிளை நூலகத்தில் தற்காலிகப் பணியாள். அங்கே அலமாரிகளுக்குப் பின்னால், ஜன்னலோரம், மூன்று கணினிகள். உதவித்தொகை, சான்றிதழ், வேலை என்று எதையாவது இணையத்தில் பதிய வருகிறவர்கள்தான் அதிகம். பதிவுக்குக் கைப்பேசி எண் வேண்டுமே! இல்லாதவர்களுக்கெல்லாம் தன் எண்ணையே கொடுத்துவிடுவாள். அவர்களுக்கு வர வேண்டிய ஓடிபி எல்லாம் இவளுக்கு வரும்; யார் போனையாவது இரவல் வாங்கிக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதனால் ஊருக்கே அவள் ஓடிபி அக்கா.

சாப்பிடும்போதும் ஒரு கண் கைப்பேசியில்தான். குளிக்கப் போனால் அது கதவுக்கு வெளியே ஸ்டூலில் காவல் இருக்கும். பாதிச் சோற்றில் எழுந்து, "ஒவ்வொண்ணா எழுதுங்க, அவசரப்படாதீங்க" என்று யாரிடமோ அவசர அவசரமாகச் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இதெல்லாம் ஒரு பொழப்பாக்கா?"

"ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்டி."

"வளர்றது உன் ரத்தக்கொதிப்புதான்."

இந்த நேரத்தில்தான் நூலகப் பணிக்கு நிரந்தர ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. வயது வரம்பைப் பார்த்தால் அவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. மகராசி என்ன செய்தாள்? அதே வேலைக்கு ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள். தனக்கு ரெண்டு நிமிஷ வேலைதானே என்று கடைசி நாள் மாலை வரை விட்டுவிட்டாள். அப்புறம் உட்கார்ந்தால், 'இந்த எண்ணில் இதற்கு மேல் பதிவு செய்ய இயலாது' என்று திரையில் வருகிறது.

"பழைய பதிவு ஒண்ணை எடுத்துட்டு உங்களோடதைப் போடுங்கம்மா" என்றாராம் நூலகர். தான் போட்டுக் கொடுத்த தையல்காரர் மகளின் விண்ணப்பத்தை நீக்கப் போய்விட்டு, மனசு வராமல் கையை எடுத்துக்கொண்டாளாம் அக்கா. ஐந்து மணிக்குத் தளம் மூடிவிடும். என் எண்ணைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

நான் பஸ் கண்டக்டர். வாயில் விசில், கையில் டிக்கெட் மெஷின், நாலு பக்கமும் ஜனம்.

"ஓடிபி வந்திருக்கும், சீக்கிரம் சொல்லுடி!"

"நாலு, ரெண்டு எட்டு, ஏழு, மூணு, ஒண்ணு."

தட்டிப் பார்த்துவிட்டு அலறினாள். "தப்புங்குதுடி! ரெண்டு எட்டுன்னியே!"

"ஆமா, ரெண்டு... எட்டு!"

"எட்டு எட்டுன்னு போட்டுட்டேன்டி! இன்னொண்ணு வரும். அதுவும் தப்பாச்சுன்னா பூட்டிடும்."

ஊருக்கெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்கிறவள் வீட்டிலேயே நான் ஒரு தற்குறி. விசிலை ஊதினேன். பஸ் நின்றது.

"யாரும்மா எறங்கறது?" என்றார் டிரைவர்.

"யாரும் எறங்கல. எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க! எங்கக்கா வேலை போகப் போகுது!"

நூலகத்தில்கூட அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. புதிய எண்ணை ஒவ்வொன்றாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி சொன்னேன்.

"போயிடுச்சுடி" என்று அழுதாள்.

"போயிடுச்சா? ஐயோ!"

"லூசு! விண்ணப்பம் போயிடுச்சுடி!"

பஸ்ஸே கைதட்டியது.

வேலை கிடைக்குமா, தெரியாது. போட்டிக்கு வரிசையாக ஆள் சேர்த்து வைத்திருக்கிறாளே. அந்தக் கவலையில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் காலை, பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும் நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"ஓடிபி தங்கச்சிங்களா? அக்கா நம்பர் நெறஞ்சு போச்சாம். உங்க நம்பரைக் குடுத்திருக்காங்க."

வாயில் வந்ததையெல்லாம் வீட்டுக்குப் போய் அவளிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

"எழுதிக்குங்க" என்றேன். "ஒவ்வொண்ணா சொல்றேன்."