மஹ்தியா மீன் சந்தையில் ஒரு புதுக் குரல்

மஹ்தியாவின் கடற்கரை ஓட்டல் ஒன்றில் விருந்தாளிகளை ஆட வைப்பதுதான் மோங்கியின் வேலை. ஒலிபெருக்கி இல்லாமலே ஐந்து மொழிகளில் கூவி, நாணிக் கோணி நிற்பவர்களையும் நீச்சல்குளத்தில் இறக்கிவிடுவான். ஓட்டல் கைமாறியது. புது முதலாளி கதவைப் பூட்டி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

குளிர்காலம் முழுக்க மற்ற ஓட்டல்களில் ஏறி இறங்கினான். "கூப்பிடுறோம்" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, நாற்பதைத் தாண்டியவன் அவர்களுக்கு வேண்டாமாம். வாய் ஓயாதவன் வீட்டில் ஊமையாகிப் போனதுதான் மனைவி விதாதுக்குப் பொறுக்கவில்லை.

"ஓட்டலைத்தானே பூட்டினாங்க? உன் தொண்டையையுமா பூட்டிட்டாங்க?" என்றாள்.

சுருக்கென்றது. துறைமுக மீன் சந்தையில் ஏலம் கூவுகிறவர் ஒருவர் ஊரை விட்டுப் போயிருந்தது அவனுக்குத் தெரியும். மறுநாள் விடிந்ததும் சந்தையை நடத்தும் ஷத்லியிடம் போய் நின்றான்.

"என்னப்பா, மீனுக்கு டான்ஸ் சொல்லித்தரப் போறியா?"

"ஒரு கூடை குடுங்கண்ணே. விக்கலேன்னா நானே வாங்கிக்கிறேன்."

மத்திக் கூடை ஒன்று வந்தது. மோங்கி கைதட்டி, வேடிக்கை பேசி, குதித்தும் காட்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. விலையை மட்டும் யாரும் ஏற்றவில்லை.

"விலையச் சொல்லுப்பா! கோமாளித்தனம் அப்புறம்!" என்று கத்தினாள் சாப்பாட்டுக்கடை ஸல்ஹா.

அன்று அவன் தெருவில் எல்லா வீட்டிலும் மத்தி வறுவல்.

ஆனாலும் மறுநாள் போனான். கூவவில்லை, நின்று கவனித்தான். வாங்க வந்தவர்கள் விலையை ஏற்ற வாயையே திறப்பதில்லை. ஒருவர் தாடையைச் சொறிந்தார், ஒருவர் தலையை லேசாகச் சாய்த்தார். மோங்கிக்குச் சிரிப்பு வந்தது. ஆட ஆசைப்பட்டும் தயங்குகிற முகங்களைத்தானே இத்தனை வருஷமாகப் பார்த்துவந்தான்!

"இன்னும் ஒரு கூடை குடுங்கண்ணே."

இந்தத் தடவை விலையை மட்டும் கணீரென்று சொன்னான். கண் முகங்களை மேய்ந்தது. ஸல்ஹா போகத் திரும்பினாள். ஆனால் கால் நகரவில்லை.

"அக்காவுக்கு மனசு இங்கதான் இருக்கு. இன்னும் ஒரு தினார் ஏத்திக்கவா?"

"பாவி, கண்டுபிடிச்சிட்டியே!" ஸல்ஹா சிரித்துக்கொண்டே கூடையை இழுத்துக்கொண்டாள். அடுத்த கூடையை ஷத்லியே எடுத்து வைத்தார்.

இப்போது காலை ஏலம் மோங்கியுடையது. மதியம் வீடு வந்தால் வாசலிலேயே விதாத் மறிப்பாள்.

"கதையெல்லாம் அப்புறம். முதல்ல குளி!"

குளியலறைக்குள்ளிருந்தே அவன் கதையை ஆரம்பித்துவிடுவான்.