ஜிம்மியை வெட்டி எடுத்த போட்டோ

செல்வராணி அக்கா செத்துப் போயிட்டாங்க. நேத்து மதியம்... பெரம்பலூர்ல நான் முன்னாடி வேலை பார்த்த அதே காலேஜ் ஆபீஸ்ல, ரெக்கார்ட் ரூம் தரையில.

நான் இப்ப அரியலூர்ல இருக்கேன். பழைய ஆபீஸ் வாட்ஸப் குரூப்லதான் தெரிஞ்சுது. வரிசையா கும்பிடுற கை, அழுவுற மூஞ்சி. தூ.

அக்காவுக்குச் சின்ன வயசுலேர்ந்தே வலிப்பு. ஆறு வருசம் என் பக்கத்து சீட்டு.

முதல் தடவை அவங்க விழுந்தப்ப பீரோ சாவிக்கொத்தை எடுத்துட்டு ஓடுனதே நான்தான். கையில இரும்பைத் திணிச்சு, விரலை மடக்கி அமுக்கிப் பிடிச்சோம், நாலு பேரு. அக்கா எழுந்து பார்த்தா உள்ளங்கை கன்னிப் போயிருக்கு.

"ஏன் தம்பி, இரும்புக்கு நிக்கிறதுன்னா நான் கொல்லன் பட்டறைக்கே வேலைக்குப் போயிருப்பேன்ல?" அப்படின்னாங்க. "ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு சும்மா இருங்க, போதும்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. யாரு காதுல ஏறுச்சு?

அப்புறம்தான் ஜிம்மி வந்துச்சு. செவலை நிறத்துல ஒரு நாட்டு நாய்.

அக்காவுக்கு வலிப்பு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிரும். மூக்கால முழங்காலை முட்டும், முனகும். அக்கா பேனாவை மூடி வச்சுட்டு, கீழ இறங்கி ஒருக்களிச்சுப் படுத்துக்குவாங்க. ஜிம்மி முதுகோட ஒட்டிப் படுத்துக்கும். எல்லாம் அடங்குனதும் எந்திரிச்சு, விட்ட இடத்துலேர்ந்து எழுத ஆரம்பிப்பாங்க.

எப்படிக்கா பழக்குனீங்கன்னு கேட்டேன். "முட்டுறது அதுவா கண்டுபிடிச்சது தம்பி. கிட்டயே இருன்னு மட்டும் பொறை போட்டுப் பழக்குனேன்." வெளிநாட்டுல இதுக்குன்னே நாய் வளர்க்குற வீடியோ எல்லாம் போன்ல காட்டுவாங்க. நாய் கூடவே இருக்கணும்னு திருச்சி டாக்டர் எழுதிக் குடுத்த லெட்டரை லேமினேட் பண்ணி ஹேண்ட்பேக்லயே வச்சிருந்தாங்க.

ஜிம்மி வந்தப்புறம் அக்கா ஒரு தடவைகூட அடிபட்டு விழல. தனியா கடைத்தெருவுக்குப் போனாங்க. செட்டிகுளம் கோயிலுக்குப் போனாங்க.

மாற்றுத் திறனாளிகள் தினத்துக்கு அக்காவை மேடை ஏத்திப் பொன்னாடை போத்தினாங்க நம்ம ஆளுங்க. ஜிம்மியை சைக்கிள் ஸ்டாண்ட்ல கட்டிப் போட்டுட்டு.

அதே ஆளுங்கதான் ஒரு மனு எழுதுனாங்க. முடி கொட்டுதாம், நாத்தம் அடிக்குதாம், பேரண்ட்ஸ் பயப்படுறாங்களாம். ஆபீஸுக்குள்ள நாய் வரக் கூடாதுன்னு.

அந்த மனுல என் கையெழுத்தும் இருக்கு.

படிக்காம எல்லாம் போடல. படிச்சேன். எல்லாரும் போட்டுருந்தாங்க, நான் மட்டும் எதுக்கு கெட்ட பேரு வாங்கணும்னு டீயைக் குடிச்சுக்கிட்டே போட்டேன். அடுத்த வாரம் வேலை மாறி அரியலூர் வந்துட்டேன்.

மனுவை ஏத்துக்கிட்டு நாயைத் தடுத்துட்டதால, ஜிம்மியை வீட்லயே விட்டுட்டு ஒரு மாசமா அக்கா தனியாத்தான் வந்திருக்காங்க. நேத்து ரெக்கார்ட் ரூம்ல ஃபைல் எடுக்கப் போனவங்க, முன்னறிவிப்பு இல்லாம விழுந்திருக்காங்க... குப்புற.

வாட்ச்மேன் அண்ணன் போன்ல சொன்னாரு: "சாவியைக் கையில குடுத்தோம் சார். நிக்கவே இல்ல."

திருப்பிப் போட்டீங்களான்னு கேட்டேன். போனை வச்சுட்டாரு.

காலையில அவங்க வூட்டுக்குப் போனேன். ஃப்ரீசர் பாக்ஸ் கண்ணாடியை ஜிம்மி மூக்கால முட்டிக்கிட்டே இருக்கு. யாரோ பெரிய மனுசன் குச்சி எடுத்துட்டு வந்தாரு. "அடிச்சீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்"னு அக்காவோட அம்மா ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க... குச்சி கீழ விழுந்துச்சு.

திரும்பி வரும்போது காலேஜ் கேட்ல கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். எவ்ளோ பெரிசு! "எங்கள் அன்புச் சகோதரி"யாம். கீழ மனுல கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் போட்டோவோட, சிரிச்ச மூஞ்சியா. என்னையும் கேக்காம சேர்த்திருக்காங்க.

அக்கா படம் மட்டும் நான் எடுத்தது. ஆபீஸ் படிக்கட்டுல ஜிம்மியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த படம். ஜிம்மியை வெட்டிட்டாங்க. அக்கா முழங்கைகிட்ட ஒரு செவலைக் காது மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

முழுப் படத்தை இங்க போட்டுருக்கேன். கீழ யாரும் கும்பிடுற கையைப் போடாதீங்க, புண்ணியமாப் போகும்.

போயிட்டு வாங்கக்கா. என்னை மன்னிக்க வேணாம்.